என் வீட்டுக்காரர் மேல் போட்ட பழி

இந்த அனுபவத்தை எழுதச் சொன்னவர்கள், "அமைதியா எழுதும்மா, படிக்கறவங்க மனசு குளிரணும்" என்றார்கள். நான்கு முறை உட்கார்ந்து பார்த்தேன். அமைதியாக வரவில்லை. பகவான் என் குடும்பத்துக்குச் செய்ததை நினைத்தால் கண் நிறைகிறது. மனிதர்கள் செய்ததை நினைத்தால் உடம்பு எரிகிறது. இரண்டும் சேர்ந்துதான் நடந்தது. ஒன்றை மறைத்து இன்னொன்றை மட்டும் சொன்னால் அது பொய்ச் சாட்சி. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பத்தாவது வரை படித்தவள். பூத்தோட்டங்களில் பூப்பறித்து மார்க்கெட்டில் போடுவது என் வேலை. என் வீட்டுக்காரர் பாலையா, மின்கம்ப வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் கூலிக்கு இருந்தார். பதினோரு வருஷம் கம்பம் ஏறியவர். எங்களுக்கு ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மழையில் புளியமரக் கிளை முறிந்து கம்பியில் விழுந்து, இரண்டு ஊருக்குக் கரண்ட் இல்லை. காலை ஆறரைக்கே சூப்பர்வைசர் போன் பண்ணிவிட்டார். இவர் நான்கு இட்டிலியை அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, "மத்தியானத்துக்குள்ள வந்துருவேன் புள்ள" என்று சொல்லிக் கிளம்பினார்.

பதினோரு மணி இருக்கும். நான் மார்க்கெட்டில் முல்லைப் பூவை எடை போட்டுக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்பவர் போன் பண்ணினார்.

"அக்கா, அண்ணனுக்கு ஷாக் அடிச்சிருச்சு. ஆம்புலன்ஸ்ல புதுக்கோட்டைக்குக் கொண்டு போறாங்க. நீங்க நேரா அங்கிட்டு வந்துருங்க."

வீட்டுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்பார்கள், காப்பீட்டு அட்டை கேட்பார்கள். எங்கள் வீட்டுக் காகிதங்கள் எல்லாம் ஒரு துணிப்பையில் இருக்கும். அந்தப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன்.

வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நெஞ்சிலும் தொடையிலும் தீக்காயம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உடம்புக்குள்ள கரண்ட் போனதுல தசையெல்லாம் வெந்திருக்கும்மா. அது கிட்னியைத்தான் பாதிக்கும். யூரின் கறுப்பாப் போகுது, பாத்தீங்கல்ல? அது தெளியணும். மூணு நாள் தாண்டட்டும். இப்ப ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாது."

கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்தேன். காப்பித்தூள் கரைத்த தண்ணீர் போல இருந்தது.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், வாயில் விதி. "எல்லாம் தலையெழுத்து" என்றார் ஒருவர். "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுனாரோ" என்றார் இன்னொருவர், அவர் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு. "நடக்கறதெல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள் ஒருத்தி. அவள் வீட்டுக் கூடத்தில் அந்த வாசகம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, பகவான் படத்துக்குக் கீழே. கை போன மனிதனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொல்ல ஒரு மனுஷிக்கு எப்படி வாய் வருகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே அதைவிடக் கொடிய ஒன்று வந்தது. சூப்பர்வைசர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். லைனை நிறுத்தச் சொல்லிச் சப்ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியாயிற்றாம், அவர்களும் நிறுத்திவிட்டார்களாம். ஆனால் பாலையா குடித்திருந்தாராம். போதையில், சொன்ன கம்பத்தை விட்டுவிட்டு வேறு கம்பத்தில் ஏறிவிட்டாராம்.

என் வீட்டுக்காரருடைய அப்பா குடித்தே செத்தவர். பத்து வயதில் சாராயக் கடை வாசலிலிருந்து அப்பாவைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தவர் இவர். அந்த வாடை அடித்தாலே எழுந்து போய்விடுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் குடித்தவன் உட்கார்ந்தால் இலையை எடுத்துக்கொண்டு இடம் மாறுவார். அவர் மேல் போட்டார்கள் அந்தப் பழியை. நினைவில்லாமல் கிடப்பவர் மேல். பதில் சொல்ல வாயில்லாத நேரம் பார்த்து.

மறுநாள் மருந்துச் சீட்டை வைப்பதற்காகத் துணிப்பையைத் திறந்தேன். காகிதங்களுக்கு நடுவில் அந்தப் புத்தகம் இருந்தது.

எங்கள் வீட்டில் அதற்குத் தேர்ப் புத்தகம் என்று பெயர். அட்டையில் வெள்ளைக் குதிரை பூட்டிய தேர். தேர்த்தட்டில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் வீரன். கடிவாளத்தைப் பிடித்தபடி அவனைத் திரும்பிப் பார்க்கும் பகவான். எந்தப் புத்தகம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுத்தது. என் வீட்டுக்காரரின் அக்கா சரசு அத்தாச்சி அதைப் பார்த்ததும், "இதை வெளியில வச்சுக்காதே, வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிக் காகிதப் பைக்குள் தள்ளிவிட்டார். நான்கு வருஷமாக ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தப் புத்தகத்தின் சத்தம் எப்போது கேட்கும் தெரியுமா? சாவு வீட்டில் பந்தல் போட்டதும் ஸ்பீக்கரில் கேட்கும். பிணம் ஏற்றிய வண்டியில் கேட்கும். வேறு எங்கும் கேட்காது.

எனக்கு அப்போது ஆகும் ஆகாது என்று யோசிக்கிற நிலை இல்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். திறந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு இருந்த அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒனக்கு அறிவு இருக்கா? உசுரோட படுத்திருக்கற மனுசன் பக்கத்துல ஒக்காந்து இதைப் போயிப் படிக்கிறியே! மூடு மொதல்ல!"

அத்தாச்சியும் சேர்ந்துகொண்டார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல? அதை இங்கிட்டு எதுக்கு எடுத்துட்டு வந்தே?"

எனக்கு வந்த கோபத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். "செத்தவங்களுக்குக் காது கேக்குமா அத்தாச்சி? கேக்கற காது இருக்கும்போது படிக்க விடமாட்டீங்க. கேக்காத காதுக்குப் போயி ஸ்பீக்கர் கட்டுவீங்க. இது என்ன நியாயம்?"

நர்ஸ் அம்மா மட்டும், "சத்தமில்லாமப் படிங்க, படிக்கறதுல ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

படித்தேன். விளக்க உரையோடு இருந்த புத்தகம். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முதல் அத்தியாயத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய வீரன், வாய் உலர்ந்துபோய், கை கால் நடுங்கி, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறான். பகவான் பக்கத்தில் இருக்கும்போதே அவனுக்கு அந்த நிலை வருகிறது. நான் அதுவரை, சாமி பக்கத்தில் இருந்தால் நடுக்கம் வராது, நடுக்கம் வந்தால் நாம் ஏதோ பாவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. நடுங்கியவனோடுதான் பகவான் அத்தனை நேரம் பேசினார். "உன் தலையெழுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். கடைசிப் பக்கம் வரை தேடினேன். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிவைக்கிறார்களே, அந்த வாசகம் நான் படித்த புத்தகத்தில் எங்கேயும் இல்லை. ஒரு வரிகூட இல்லை. நீங்களும் தேடிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை. டாக்டர் சொன்ன மூன்று நாள் முடிந்திருந்தது. காலையில் டாக்டர் வரும்போது முகம் சரியாக இல்லை. "இன்னும் கறுப்பாத்தான் போகுது" என்றார். நான் வராண்டாவில் சுவரோரம் உட்கார்ந்து வேண்டினேன். அழகான வார்த்தை எதுவும் வரவில்லை. "சாமி, இவரை எடுத்துக்கணும்னு நினைச்சா எடுத்துக்கோ. ஆனா குடிகாரன்ங்கற பேரோட எடுத்துக்காதே. அது நியாயமில்ல. நீயே அதுக்கு ஒத்துக்கக் கூடாது." பகவானிடமே சண்டை போட்டேன். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு நர்ஸ் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பையைக் காட்டினார்.

"பாருங்க, தெளிஞ்சு வருது."

வெளிறிய மஞ்சள். வேறு யாருக்கும் அது மூத்திரம். எனக்கு அது தீர்த்தம். எழுதுவதற்கு வெட்கமாக இல்லை.

நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். உயிர் வந்துவிட்டது. மனிதர் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஊட்டினால் இரண்டு வாய். எங்கள் மகளிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ, "உங்க அப்பா தண்ணியடிச்சுட்டு கம்பத்துல ஏறிட்டாராமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம்தான் சொன்னாள். இவர் காதில் விழுந்துவிட்டது. அன்று மட்டும் வாயைத் திறந்தார்.

"செத்துருந்தா ஒரு வாரத்துல மறந்துருப்பாங்க. இப்ப இருக்கற வரைக்கும் குடிகாரன்தான் புள்ள."

கை போனதற்கு அவர் அழவில்லை. அந்தப் பெயருக்கு அழுதார்.

நான் அலைய ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் எழுதிய விபத்துக் குறிப்பின் நகலை வாங்கினேன். அதில் சாராய வாடை இல்லை என்று தெளிவாக இருந்தது. அதை ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டினால், "டாக்டர் கவனிச்சிருக்க மாட்டாரும்மா" என்றார்கள். கண்ணால் பார்த்து எழுதிய டாக்டர் கவனிக்கவில்லையாம், கம்பத்தடியில் நின்ற சூப்பர்வைசர் மட்டும் கவனித்தாராம்.

மார்கழி மாதம் ஒரு நாள் காலை, எங்கள் ஊர்க் கோவிலில் மாதம் ஒருமுறை சொற்பொழிவு செய்யும் பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்தார். சூப்பர்வைசருக்குத் தூரத்து உறவு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, பலனை எதிர்பார்க்கக் கூடாதுன்னு பகவானே சொல்லிருக்கான். நீ எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையறே? நடந்தது அவரவர் கர்மா. இன்னொருத்தன் பொழப்பைக் கெடுத்து ஒனக்கு என்ன ஆகப்போகுது? கோபத்தை விட்டுட்டு நாமத்தைச் சொல்லு, போதும்."

பகவான் பேச்சை எடுத்துப் பொய்க்காரனுக்குக் குடை பிடிக்கிறாரே!

"ஐயா, நானும் படிச்சேங்க. ரெண்டு தடவை முழுசாப் படிச்சேன். 'எனக்குச் சண்டை வேண்டாம், நான் ஒதுங்கிக்கிறேன்'னு ஒக்காந்தவனை எழுப்பி விடத்தானே பகவான் அவ்வளவு நேரம் பேசுனாரு? ஒதுங்கிக்கோன்னு சொல்றதா இருந்தா மொதப் பக்கத்துலயே தேரைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிருக்கலாமேங்க!"

அவர் முகம் சிவந்துவிட்டது. "பத்தாங்கிளாஸ் படிச்சுட்டு பகவானுக்கே நீ அர்த்தம் சொல்றியா?"

"நான் அர்த்தம் சொல்லலைங்க. அதுல இருக்கறதைச் சொன்னேன்."

அப்போது உள்ளே கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். இல்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு முதல் தடவை. பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே போனபோது, "தேரைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிருக்கலாமா!" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். அன்று மத்தியானம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பகவான் எந்த வழியாக வருவார் என்று நமக்கென்ன தெரியும்? அன்று ஒரு தவறான உபதேசத்தின் வழியாக வந்தார்.

ஆனால் என் கோபம் முழுக்க நல்ல கோபம் என்று நான் சொல்லமாட்டேன். அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

தை பிறந்து, விபத்தைப் பற்றிய விசாரணைக்குத் தேதி வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் நான் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன், அவர் தெருமண்ணிலேயே கைநிறைய மண்ணை அள்ளிக்கொண்டு. வாசலில் நின்று தலைமுடியை விரித்துவிட்டு மண்ணை வாரித் தூற்றி, "உன் குடும்பம் வெளங்காமப் போகட்டும்" என்று சபிப்பதற்குத்தான் போனேன். மனதில் ஒத்திகை கூடப் பார்த்திருந்தேன். அவருக்கு இரண்டு குழந்தைகள். அவர்களையும் சேர்த்துத்தான் சபிக்க இருந்தேன்.

அவர் முற்றத்தில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டார். கொடியில் சின்னப் பாவாடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த நிமிஷம், நான் படித்தது ஒன்று உள்ளே எழுந்தது. கோபத்திலிருந்து மயக்கம் வரும், மயக்கத்தில் நினைவு தப்பும், நினைவு தப்பினால் புத்தி போகும், புத்தி போனால் மனிதன் அழிவான் என்று படிப்படியாகச் சொல்லியிருக்கும். படிக்கும்போது, இது சூப்பர்வைசருக்குச் சொன்னது என்று நினைத்தேன். இல்லை, அது எனக்குத்தான். அந்தப் பாவாடைக்காரப் பிள்ளை என்ன செய்தது எனக்கு?

சண்டை போடச் சொன்ன அதே பகவான்தான் பகையில்லாமல் சண்டை போடச் சொல்கிறார். எவ்வளவு கஷ்டமான பாடம் என்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. மண்ணைக் கீழே விட்டேன்.

"சபிக்கத்தான் வந்தேன் சார். சபிக்கல. வெசாரணைக்கு வாரேன். அங்க பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் புத்தி தெளிவாக வேலை செய்தது. சபித்துவிட்டு வந்திருந்தால் அன்று நாளெல்லாம் அதையே நினைத்துப் படுத்திருப்பேன். உண்மை தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார் என்பதே அப்போதுதான் உறைத்தது. அன்று சப்ஸ்டேஷனில் இருந்த ஆபரேட்டர். லைனை நிறுத்துவதும் போடுவதும் அவர்தான். யார் போன் பண்ணினாலும் நோட்டில் எழுதவேண்டியதும் அவர்தான். பெயர் தமிழ்ச்செல்வன், சின்ன வயது. ஆலங்குடியில் வாடகை வீடு.

மூன்று நாளில் மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் மனைவி, "அவுக இல்லைங்க" என்றாள். பைக் வாசலில்தான் நின்றது. இரண்டாம் தடவை அவரே வந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நோட்ல எழுதுனது எழுதுனதுதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மூன்றாம் தடவை நான் படியேறவில்லை. தெருவில் நின்றே சொன்னேன்.

"தம்பி, ஒன்னையப் பொய் சொல்லச் சொல்லல. எனக்காக ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவேணாம். அன்னிக்கு லைனை நிறுத்தச் சொல்லிப் போன் வந்துச்சா, வரலையா? அதை மட்டும் சொல்லு. வந்துச்சுன்னா வந்துச்சுன்னே சொல்லு, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருறேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது, என்னால் முடிந்தது இவ்வளவுதான் சாமி, இனி உன் பாடு என்று விட்டுவிட்டேன். பலனை விடுவது என்றால் இதுதானோ என்று அப்போது தோன்றியது. முயற்சியை விடுவதல்ல அது. அந்தப் பெரியவர் மாற்றிச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தின் மாடி. கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. சூப்பர்வைசர் பழைய கதையையே சொன்னார். என் வீட்டுக்காரரைக் கேட்டபோது எழுந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது.

"மேடம், எங்க அப்பா குடிச்சே செத்தாரு. நான் அந்தக் கருமத்தைத் தொட்டதில்ல. லைன் நிறுத்தியாச்சு, ஏறுன்னாரு. ஏறுனேன். அவ்வளவுதான் மேடம்."

டாக்டர் குறிப்பைக் கொடுத்தேன். அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு சப்ஸ்டேஷன் நோட்டை எடுத்தார்கள். அதில் காலை ஒன்பதரைக்குப் போன் வந்ததாகவும் லைனை நிறுத்தியதாகவும் ஒரு வரி இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். பலன் வேண்டாம் என்று அந்த நிமிஷம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேணும் சாமி, எனக்கு வேணும், இன்னிக்கே வேணும்" என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"இந்த வரி நீங்க எழுதுனதுதானே?" என்று அதிகாரி ஆபரேட்டரைக் கேட்டார்.

"நான் எழுதுனதுதான் மேடம்." நோட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "ஆனா காலைல எழுதல. சாயங்காலம் எழுதுனேன். எழுதித் தரச் சொல்லிப் பேசுனாங்க. பயந்துபோயி எழுதிட்டேன். அன்னிக்கு எனக்குப் போனே வரல. நான் லைனை நிறுத்தவே இல்ல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இது உங்க வேலையையும் பாதிக்கும்."

"தெரியும் மேடம். மூணு மாசமா சோறு எறங்கல."

சூப்பர்வைசர் நாற்காலியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் அழவில்லை. அந்த அறையில் பகவான் நின்றார் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அவர் எனக்குக் காட்சி கொடுக்கவில்லை, அசரீரி கேட்கவில்லை. பயந்துபோன ஒரு இளைஞனுக்குள் புகுந்து அவனை நிமிர்ந்து நிற்க வைத்தார். அதைவிடப் பெரிய அற்புதம் எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் தமிழ்ச்செல்வனைக் கும்பிட்டேன். "கும்பிடாதீங்கக்கா. நான் அன்னிக்கே சொல்லிருக்கணும்" என்றார்.

"ஆமா தம்பி, அன்னிக்கே சொல்லிருக்கணும்" என்றேன். "பரவாயில்லை" என்று பொய்யாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆனா இன்னிக்குச் சொன்னியே. அதை எங்க வீடு மறக்காது."

பங்குனியில் கடிதம் வந்தது. போதையில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, லைனை நிறுத்தாமலேயே ஏறச் சொல்லப்பட்டார் என்று எழுதியிருந்தது. கிடைக்கவேண்டிய உதவியும் பிறகு கிடைத்தது. அதைப் பெரிதாக எழுதப்போவதில்லை. என் மகள் அந்தக் கடிதத்தை நகல் எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். யாரிடம் காட்டினாள் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சூப்பர்வைசருக்கு வேலை போனது. ஆனால் இன்றுவரை ஒரு மன்னிப்பு வரவில்லை. "குடிச்சிருந்தாராமே" என்று ஊரெல்லாம் சொன்ன வாய்களில் ஒன்றுகூட வீடு தேடி வந்து, "தப்பாச் சொல்லிட்டோம்" என்று சொல்லவில்லை. தமிழ்ச்செல்வனைத் தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பொய் எழுதியதற்குத் தண்டனை என்றார்கள். எழுதச் சொல்லிப் பேசியவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? இது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் யாரையும் சபிப்பதில்லை. அதை விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இப்போது இடது கையால் எழுதப் பழகிவிட்டார். புதிதாகக் கம்பம் ஏற வரும் ஆட்களைத் தேடிப்போய்ப் பேசுகிறார். "லைன் நிறுத்தியாச்சுன்னு அவரு சொன்னாரு இவரு சொன்னாருன்னு ஏறாதீங்க. நீங்களே போன் போட்டுக் கேளுங்க. கேட்டா கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கட்டும்" என்கிறார். காலையில் குளித்துவிட்டு வந்தால் நான் தேர்ப் புத்தகம் ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கவேண்டும். இல்லாவிட்டால் காப்பி குடிக்கமாட்டார். அத்தாச்சியும் வந்தால் உட்கார்ந்து கேட்கிறார். முதலில் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தார். இப்போது உள்ளே வந்துவிட்டார்.

போன மாதம் அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் தம்பி ஒரு வேலையிடத்தில் அடிபட்டு, அவன் மேலேயே குற்றம் எழுதிவிட்டார்களாம். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "இதெல்லாம் எங்க கர்மாவாக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. "போன ஜென்மத்தை பகவான் பாத்துக்கட்டும். மொதல்ல ஆஸ்பத்திரிக் குறிப்போட நகல் வாங்கினியா, சொல்லு" என்றேன். வாங்கவில்லை. மறுநாள் இருவருமாகப் போய் வாங்கினோம். அவள் இப்போது எங்களோடு படிக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து படிக்கிறோம். பெரிய படிப்பு வேண்டாம், எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் நாங்கள் படிக்கிறோம், கேளுங்கள். உயிரோடு இருக்கும்போது கேளுங்கள். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அடிபட்டுக் கிடந்தால், பழி சுமந்து நின்றால், சாமியே கைவிட்டுவிட்டது என்று நினைத்தால், ஒரே ஒரு தடவை நம்பித் திறந்து பாருங்கள். கும்பிட்டுக்கொண்டு வாருங்கள், சண்டை போட்டுக்கொண்டும் வாருங்கள், அவர் இரண்டையும் கேட்பார். என்னைக் கேட்டார். எங்கள் வீட்டுக்கும் வரலாம். விளக்கு ஏற்றியிருக்கும், பாய் விரித்திருக்கும். நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.